மன்னார் வழியாக ஒரு பல்கலைக்கழகம்

என் மனைவி ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகப்போகிறாள் என்பதை வீட்டுக்கு வெளியே நான் முதலில் சொன்னது பாலாவிச் சந்தியில்தான். கேட்டவர் சீமெந்து லொறி ஓட்டுபவர். அவருடைய லொறியில் நான் எட்டு மாதம் உதவியாளாக இருந்திருக்கிறேன்; அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். கையிலிருந்த பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ என்னடா செஞ்ச அந்தப் புள்ளக்கி?”

“ஒண்டும் செய்யல்ல காக்கா. படிக்கத்தான் போறா.”

“அதத்தான் கேக்கிறன். ஒண்டும் செய்யாம இருந்ததாலதான் போறாளா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் போகிற ஆள் நான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத் தாளைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்த நாளிலிருந்து நான் போய்க்கொண்டேதான் இருந்தேன். உப்பளத்தில் ஒரு பருவம். உடப்பிலிருந்து கருவாடு ஏற்றும் வண்டியில் ஒரு வருடம். வாப்பா மௌத்தான பிறகு அவருடைய தோணி இயந்திரத்தை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போய், கயிற்றில் தொங்கிக்கொண்டு உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்து இரண்டு வருடம். திரும்பி வந்து லொறி. எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்குமேல் என் கால் தரிக்காது. கல்யாணம் முடித்து ஒரு மகள் பிறந்த பிறகும் அப்படித்தான். நான் போவேன், அவள் இருப்பாள். அதுதான் ஒழுங்கு என்று ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன். அவளும் அப்படி நினைக்கிறாளா என்று கேட்கத் தோன்றவில்லை.

அவள் கற்பிட்டிக்காரி. நான் கட்டாரில் கண்ணாடி துடைத்த காலத்தில் வீட்டிலிருந்தே படித்து ஒரு விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டாள். புத்தளம் தில்லையடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. அவளுக்குப் பைத்தியமெல்லாம் கிணறுகளில்தான். கற்பிட்டித் தோட்டங்களில் போடுகிற உரமெல்லாம் மணலுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் சேர்கிறது என்று சொல்வாள். தாய்வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் பழைய சோடாப் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, இலக்கம் எழுதி அடுக்களையில் அடுக்கி வைப்பாள். ஒருநாள் வெயிலில் வந்த நான் அதில் ஒன்றை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டேன்.

“அது மூண்டாம் கெணறு,” என்றாள். “சாகமாட்டீங்க. ஆனா நாளைக்கு வயித்துல என்ன செய்யிது எண்டு சொல்லுங்க. எழுதிக்கிறன்.”

இப்படிப்பட்டவள்தான் கையடக்கத் தொலைபேசியில் தேடித்தேடி அந்தப் பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தாள். நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக் காலையில் எங்கள் தெருவில் பத்துப் பேர் விண்ணப்பப் போம் நிரப்பித் தரச்சொல்லி வாசலில் நிற்பார்கள். நான் போம் நிரப்பினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குளிர்நாடு, சின்ன நகரம். நிலத்தடி நீரைப் பற்றி இரண்டு வருடப் படிப்பு. ஆங்கிலத்தில் படிப்பிப்பார்கள். ஒரு வருடக் கட்டணம், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாதச் சான்றிதழுக்கு வாங்குவதைவிடக் குறைவு. மாணவர் விடுதியும் உண்டு. அவளுடைய மூத்த சகோதரர்கள் இரண்டு பேர் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள்.

மலிவு என்ற விசயம்தான் என் உம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“இவ்வளவு மலிவாப் படிப்பிக்கிறாங்க எண்டா படிப்புல என்னமோ பழுது இருக்கணும் மகள். வெல கொறஞ்ச மீன்ட செவுளத் தூக்கிப் பாக்காம யாரும் வாங்குவாங்களா?”

“தூக்கிப் பாத்துட்டன் மாமி. செவப்பாத்தான் இருக்கு.”

“குளிருல வச்ச மீன்ட செவுளும் செவப்பாத்தான் இருக்கும்,” என்றார் உம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் விசயம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் எழுதவேண்டும். ஏன் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வர விரும்புகிறீர்கள் என்று. வெளிநாட்டைக் கண்டவன் என்ற முறையில் நான் ஆலோசனை சொன்னேன். “உங்கட நாட்டுட கலாசாரத்துல எனக்குச் சின்ன வயசுலயிருந்தே ஆசை எண்டு எழுது. வெள்ளக்காரனுக்கு அது பிடிக்கும்.” அவள் ஐந்து கிணறுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். கலாசாரம் என்ற சொல்லே அதில் இல்லை. ஏற்கமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன பயன்?

கடைசி நாள் பின்னேரத்துக்குள் எல்லாம் கணினியில் போய்ச் சேரவேண்டும். அவளுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வை. மீதி இருந்தது ஒரே ஒரு பக்கம். பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், முகவரி. “இத நீங்களே போட்டு அனுப்பிடுங்க. பாத்து எழுதத்தான் இருக்கு,” என்றாள். நான் தொடர்பாடல் கடைக்குப் போய், அங்கே தட்டச்சு செய்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். நிரந்தர முகவரி என்று வந்தது. யோசிக்காமல் சொன்னேன்.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்காலத்தில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து விரட்டப்பட்டு வந்தவர்கள். எனக்கு அப்போது நாலு வயது. வாப்பாவின் தோளில் வந்தேன். ஒரு சட்டி, ஒரு குர்ஆன், கோழி ஒன்று என்று உம்மா கணக்குச் சொல்வார். கோழி வழியில் செத்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாடு, படிப்பு, கல்யாணம், மௌத்து எல்லாம் புத்தளத்தில். ஆனால் ஒரு கடதாசியில் முகவரி எழுத வந்தால் எங்கள் கை மன்னாருக்குத்தான் போகும். வாக்காளர் இடாப்பு, காணிப் பதிவு, வீட்டுத்திட்டம் எல்லாம் அந்த ஊர்ப் பெயரில். புத்தள முகவரியை எழுதிவிட்டால் அங்கே உள்ள உரிமை போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லிச்சொல்லி, எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கொப்பி உறையில்கூட மன்னார் என்று எழுதுவார்கள்.

சண்டை முடிந்து பாதை திறந்தபோது நாங்களும் போய்க் காட்டை வெட்டித் தகரக் கொட்டில் ஒன்று போட்டோம். ஆனால் அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போதிய வாத்திமார் இல்லை. ஆஸ்பத்திரி தூரம். ஆகவே ஊர் அங்கே, நாங்கள் இங்கே. மீள்குடியேறியவர்கள் உண்மையில் இருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றால், முதல்நாளே தொலைபேசியில் செய்தி வரும். ஒரு பஸ் நிறைய ஆட்கள் பாய், சட்டி, பிள்ளைகளோடு போய் இறங்கி, வந்தவர்கள் புகையைப் பார்க்கட்டும் என்று ஒவ்வொரு கொட்டிலிலும் அடுப்பு மூட்டுவோம். அவர்கள் எழுதிக்கொண்டு போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவோம். கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியின் பெயரும் அங்கே பதிவு. அவளும் இரண்டு தடவை போய்ப் புகை எழுப்பியிருக்கிறாள்.

பல்கலைக்கழகம் அவளை ஏற்றுக்கொண்டது. மின்னஞ்சலில் செய்தி வந்த அன்று வட்டிலாப்பம் செய்தாள். சந்தோசமாகத்தான் இருந்தோம். ஒரேயொரு வேலை பாக்கி. கொழும்பில் விசாவுக்கான நேர்முகம். அதற்குப் பல்கலைக்கழகத்தின் முத்திரையிட்ட அசல் கடிதத்தைக் கையில் கொண்டுபோகவேண்டும். பிரதி செல்லாது. கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிட்டதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். நேர்முகத்துக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான். அதற்குள் வகுப்புகள் தொடங்கிவிடும், இடம் போய்விடும்.

மூன்று கிழமையாக அவள் தபால்காரனை வாசலில் மறித்தாள். அவன் எங்கள் தெருப் பக்கம் வரவே பயந்தான். கடைசியில் அந்த வியாழனுக்கு முன்னே வந்த திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டாள். அன்று பின்னேரமே பதில் வந்தது. கடிதம் கையளிக்கப்பட்டுவிட்டது, பெற்றுக்கொண்டவர் கையொப்பமும் இட்டிருக்கிறார், முகவரி இது. அவள் முகவரியைச் சத்தமாக வாசித்தாள். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வாசிப்பது கஷ்டம். எழுத்தெழுத்தாக வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மூண்டு கிழமையா நான் இந்த வாசல்ல நிக்கிறன்.”

“ஓம்.”

“கடிதம் காட்டுக்குப் போயிருக்கு.”

“காடு இல்ல, நம்மட ஊர்,” என்றேன்.

“அங்க யாரு இருக்கா?”

நான் யோசித்துப் பார்த்தேன். “மோதினார் இருக்கார். பள்ளியில பாங்கு சொல்ல. பிறகு ஆடு.”

“அப்ப கையெழுத்துப் போட்டது யாரு? ஆடா?”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் இருந்த தொலைபேசியைத் திருப்பி வைத்துவிட்டு மகளுக்குச் சோறு தீத்தப் போனாள். புதிய அசல் அனுப்பினாலும் வந்துசேர மூன்று கிழமை. இருந்தது மூன்று நாள்.

செவ்வாய்க்கிழமை விடியச் சுபஹு தொழுதவுடன் மோட்டர் சைக்கிளில் கிளம்பினேன். எழுவன்குளத்து ஆற்றில் தாழக் கட்டிய சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அதைத் தாண்டினால் காட்டு வழி. செம்மண் பாதையில் யானை விட்டை இன்னும் ஈரமாகக் கிடந்தது. உண்மையைச் சொல்வதானால், காட்டுக்குள் நுழைந்த பிறகு நான் எதற்காகப் போகிறேன் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். காற்று, புழுதி, ஆளில்லாத பாதை. பாட்டுக்கூடப் பாடினேன். என் மனைவியின் எதிர்காலத்தைத் தேடிப் போகும்போதும் எனக்குச் சுகமாக இருந்தது. நான் அப்படிப்பட்டவன்.

மோதினார் பள்ளிவாசல் விறாந்தையில் ஆடுகளைத் துரத்திக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு சொப்பிங் பை. அந்த ஊரின் தபால்கந்தோர் அதுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வீடுகளில் ஆளில்லை என்று தபால்காரனுக்குத் தெரியும். ஊருக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் மோதினாரிடம் கொடுத்துவிட்டுப் போவான். அவர் பையில் போட்டு வைத்து, வெள்ளிக்கிழமை புத்தளத்துக்குப் போகும் பஸ்ஸில் அனுப்பிவிடுவார்.

“வெளிநாட்டு முத்திர ஒட்டின பெரிய கடிதம் ஒண்டு வந்ததா மோதினார்?”

“வந்தது தம்பி. பெரிய மரியாதையான கடிதம். கையெழுத்துப் போட்டாத்தான் தருவன் எண்டான். போட்டன்.”

“யாருட பேருல?”

“உன்ட பொண்டாட்டிட பேருலதான். அவட கடிதத்துக்கு என்ட பேர எப்பிடிப் போடுறது? அது ஹராம்.”

“இப்ப எங்க அது?”

“அது அப்பவே வெள்ளி பஸ்ஸுல போயிட்டு. பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். கண்டக்டர்ட கையிலதான் குடுத்தன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே,” என்றார்.

எடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருந்தாலும் எடுத்திருப்பேனா என்பது சந்தேகம்.

புதன்கிழமை காலை கண்டக்டரைத் தில்லையடியில் அவர் வீட்டு வாசலில் பிடித்தேன். பல் தீட்டிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டுச் சொன்னார்: “உங்கட உம்மாட கையிலதானே குடுத்தன். ரெண்டு மாம்பழமும் தந்தாங்க. யாருட்டயும் சொல்லாத மகன் எண்டாங்க.”

“என்னட்ட இப்ப சொல்றீங்களே.”

“மாம்பழம் முடிஞ்சிட்டே.”

வீட்டுக்கு வந்தபோது மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். உம்மா கொல்லைப்புறத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உம்மா, மன்னாருல இருந்து வந்த கடிதம் எங்க?”

“எந்தக் கடிதம்?” கத்தி நிற்கவில்லை.

“மாம்பழம் குடுத்து வாங்கின கடிதம்.”

கத்தி நின்றது.

“அது காணிக் கடிதம்,” என்றார். “உன்ட கையில தரமாட்டன். உன்ட வாப்பாட தோணி மிசின வித்த மாதிரி காணியையும் வித்துட்டு எங்கயாவது போயிடுவாய்.”

“காணிக் கடிதம் எண்டு யாரு சொன்ன?”

“மன்னாருக்கு வேற என்ன கடிதம் வரும்? இருபத்தஞ்சு வருசத்துல காணியப் பத்தித் தவிர அந்த ஊருக்கு ஒரு கடிதம் வந்திருக்கா?”

“அது வெளிநாட்டுக் கடிதம் உம்மா. அதுல அடிச்சிருக்கிற சீல் முத்திரய நீங்க பாக்கல்லயா?”

“பாத்தன். சிங்கம் இல்ல, பறவ ஒண்டு இருந்தது. ஆட்சி மாறினதால சீலையும் மாத்திட்டாங்க எண்டு நெனச்சன்.”

உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் சின்னங்கள் தெரியும். தேர்தலில் தவறாமல் வாக்களிப்பவர். கையைக் கழுவிக்கொண்டு வந்து, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தார். வாப்பாவின் பழைய சாரன்களுக்கு அடியில் ஒரு தலையணை உறை. அதற்குள் காணி உறுதிகள். உறுதிகளுக்கு நடுவில், பூச்சி உருண்டை வாசத்தோடு, என் மனைவியின் பல்கலைக்கழகம்.

அது என்ன கடிதம், நாளைக்கு அதைக் கொண்டு என்ன செய்யவேண்டும் என்று உம்மாவுக்கு விளக்கினேன். கதிரையில் உட்கார்ந்து கேட்டார்.

“இத குடுக்காட்டி?”

“போக ஏலாது.”

“ம்.”

“என்ன ம்?”

“மகளுக்கு நாலு வயசு. நீ வீட்டுல இருக்கிற ஆள் இல்ல. நான் ஒரு காலக் கபுருக்குள்ள வச்சிட்டிருக்கிறன். அதத்தான் யோசிச்சன்.” எழுந்து அலுமாரியைப் பூட்டினார். “கடிதம் உன்ட கையில இருக்கு. நான் ஒண்டையும் காணல்ல. எனக்கு மீன் வெட்டக் கிடக்கு.”

நேரம் பத்து மணி இருக்கும். கடிதத்தைச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு மோட்டர் சைக்கிளை எடுத்தேன். பள்ளிக்கூடம் ஐந்து நிமிடத் தூரம். இடப்பக்கம் திரும்பவேண்டும். நான் வலப்பக்கம் திரும்பினேன். பாலாவிக்குப் போய், உப்புப் பாத்திகளின் ஓரத்தில் நிறுத்தி, கடிதத்தைத் திறந்தேன். அடுத்தவருடைய கடிதத்தைத் திறப்பது தவறு என்று தெரியும். கையெழுத்தையே மோதினார் போட்டுவிட்ட கடிதம் அது. மிச்ச மரியாதையை நான் ஒருவன் காப்பாற்றி என்ன?

என் ஆங்கிலம் கட்டாரில் பொறுக்கியது. பலகைகளில் எழுதியிருப்பதை வாசிப்பேன். மெல்லமெல்ல வாசித்தேன். மேலே அந்தப் பறவை. கீழே அவளுடைய முழுப்பெயர். அதற்குக் கீழே, மகிழ்ச்சியடைகிறோம் என்று தொடங்கியது. எங்கள் குடும்பத்துக்கு வந்த அரசாங்கக் கடிதங்கள் எத்தனையோ. எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, வருந்துகிறோம். ஒரு கடதாசி எங்களைக் கண்டு மகிழ்ச்சியடைந்தது இதுதான் முதல் தடவை.

அதை வாசித்த பிறகு எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. மகளைக் குளிப்பாட்டுவதும் சோறு தீத்துவதும் பெரிய காரியமில்லை. கட்டாரில் பதினாறு பேருக்குச் சமைத்திருக்கிறேன். பயம் வேறு. நான் எத்தனை நாடு அலைந்து வந்தாலும் பேசுவதற்கு என்னிடம் கண்ணாடியும் கயிறும்தான் இருந்தன. அவள் ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வந்தால் கேட்கிற ஆளாக நான் மாறவேண்டும். வீட்டுக்குக் கதை கொண்டுவருகிற வேலையும் என்னிடமிருந்து போய்விடும்.

தேநீர் குடிக்கலாம் என்று சந்திக்குப் போனேன். லொறிக்காரக் காக்கா இருந்தார். எங்கள் வீட்டு விசயம் முழுவதும் சந்திக்குத் தெரிந்திருந்தது. தபால்காரன் சொல்லியிருப்பான்.

“என்னடா, கடிதம் வரல்லயாம்?”

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“நல்லதுதான். அல்லாஹ்வாப் பாத்து நிப்பாட்டியிருக்கான். பொம்புளப் புள்ள தனிய அவ்வளவு தூரம் போறது அவனுக்கு விருப்பமில்ல.”

சேர்ட்டுக்குள் கடிதம் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அல்லாஹ் இல்லை காக்கா, உம்மாதான், இப்போது நான், என்று வாய் வரைக்கும் வந்தது. நான் பல பழிகளைப் பல பேர் தலையில் போட்டிருக்கிறேன். லொறியில் கண்ணாடி உடைந்தபோது குரங்கின் தலையில் போட்டேன். ஆனால் இதை அல்லாஹ்வின் தலையில் போட எனக்குத் துணிவு வரவில்லை. பாதித் தேநீரில் எழுந்தேன்.

“எங்கடா போற?”

“பள்ளிக்கூடத்துக்கு.”

“இப்பயாவது போறியே,” என்றார் அவர்.

பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது ஒரு மணி பத்து நிமிடம். மனைவி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள், யாரையோ எதிர்பார்ப்பவள் போல. கடிதத்தை நீட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். உறை திறந்திருந்தது, ஈரமாக இருந்தது, பூச்சி உருண்டை மணத்தது.

“எப்ப கெடச்சிச்சி?”

“இப்பதான். கொஞ்ச நேரத்துக்கு முந்தி.”

“மாமி பத்தே காலுக்குப் போன் பண்ணிட்டா.”

நான் மோட்டர் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

“கடிதம் மகன்ட கையில இருக்கு, அவன் வலது பக்கம் திரும்பிட்டான், ஆள் அனுப்பிப் பிடிக்கவா எண்டு கேட்டா. வேணாம், ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடுறதுக்கு முந்தி வருவார் எண்டன். மாமி நம்பல்ல.”

“நீ நம்பினியா?”

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “இருவது நிமிசம் முந்தி வந்திட்டீங்க,” என்றாள்.

வீட்டில் உம்மா என்னைக் கண்டதும் மீன் குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தார். என்னைச் சோதித்துப் பார்க்கத்தான் அப்படிக் கதைத்தாரா, அல்லது நான் போன பிறகு மனம் மாறிப் போன் எடுத்தாரா என்று பல தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வரும். கடைசியாகக் கேட்டபோது, “எந்தக் கடிதம்?” என்றார்.

வியாழன் சுபஹுக்கு முதல் பஸ்ஸில் மூன்று பேரும் கொழும்புக்குப் போனோம். நானும் மகளும் வெளியே ஒரு மதிலோரத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். உள்ளே போனவர்கள் பலர் மகிழ்ச்சியில்லாத முகத்தோடு வந்தார்கள். அவளுடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடிதங்கள் இருந்த கோப்பை என் கையில் தந்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

விசா மூன்று கிழமையில் வந்தது. புரட்டாசியில் அவள் போனாள். ஆனால் என் பங்குக்கு அந்த விசயம் அன்றைக்கே, திரும்பி வந்த பஸ்ஸில் தீர்ந்துவிட்டது. மாரவிலை தாண்டிய பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

“கடிதம் ஏன் இப்பிடி மணக்குது எண்டு கேட்டாங்க.”

“என்ன சொன்ன?”

“பத்திரமா வச்சிருந்த எண்டன். சிரிச்சாங்க.” மகளை மடியில் சரித்துப் படுக்கவைத்தாள். “பிறகு, படிச்சி முடிச்சிட்டுத் திரும்பிப் போவீங்க எண்டு எப்பிடி நம்புறது எண்டு கேட்டாங்க. அதுக்குத்தான் கன நேரம் எடுத்தாங்க. வீட்டுல யாரு இருக்கா, என்ன செய்யிறாங்க எண்டு.”

“என்னப் பத்திக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. புருசன் எங்க இருக்கிறார், என்ன செய்யிறார் எண்டு.”

“என்ன சொன்ன?”

“வீட்டுல இருக்கிறார், மகளப் பாத்துக்கிறார், எங்கயும் போகமாட்டார் எண்டன்.”

மகள் அவளுடைய மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மகளுடைய செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

“விசா கந்தோருல போய்ப் பொய் சொல்லலாமா?” என்று கேட்டேன்.

“சொல்லக்கூடாது,” என்றாள். “அதால அத மெய்யாக்கிறது இனி உங்கட வேல.”

பஸ் சிலாபத்தில் பத்து நிமிடம் நின்றது. நான் இறங்கி இரண்டு சீனிப் பணிஸ் வாங்கிவந்து, ஒன்றை மனைவியிடம் கொடுத்தேன். அதைத் தின்றுவிட்டு மற்றதற்கும் கையை நீட்டினாள். கொடுத்தேன்.